கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர்

எங்கள் உலு திராமைச் சுற்றி எங்கு போனாலும் தெப்ராவ் என்ற பெயர் கண்ணில் படும். ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலையில், குடியிருப்புப் பகுதிகளில், ஆற்றுக்கு, நீரிணைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். அது ஒரு புல்லின் மலாய்ப் பெயர் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் அந்தக் காட்டு நாணல், பார்ப்பதற்குக் கரும்பைப் போலவே இருக்கும். தாவரவியலில் அது கரும்புக்கு நெருங்கிய சொந்தம். சிலர் அதைக் கரும்பின் பேரினத்திலேயே வைக்கிறார்கள். வேறு சிலர் எரியாந்தஸ் என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள்.

எரியாந்தஸ் இனப் புல்லைக் கரும்போடு கலப்புச் செய்து, பிறந்த செடியின் செல்லுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தவர்களில் ஒரு பெண் இருந்தார். 1930களில் கோயம்புத்தூரில் அவர் இந்த வேலையைச் செய்தார். எரியாந்தஸோடு நிற்காமல் சோளம், மக்காச்சோளம், இம்பெராட்டா ஆகியவற்றையும் கரும்போடு கலந்து பார்த்தார். இம்பெராட்டா என்றால் யாருக்கும் புரியாது. நம் தோட்டப்புறங்களில் வெட்ட வெட்ட முளைக்கும் லாலாங், அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

அவர் பெயர் எடவலேத் கக்காட் ஜானகி அம்மாள்.

நான் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தத் தவணையில் எங்களுக்குத் திசுவியல் ஆய்வகம் இருக்கிறது. மால்பிகி, கோல்ஜி, கஹால் என்று அந்தப் பாடத்தில் வரும் பெயர்கள் எல்லாம் ஐரோப்பிய ஆண்களுடையவை. நம் பக்கத்தில் யாராவது இந்தக் கைவேலையைச் செய்திருப்பார்களா என்று தேடியபோது கிடைத்தவர் இவர். கண்டிப்பாகப் பார்த்தால் அவர் துறை செல்லியல். திசுவை ஆராய்பவர்கள் செல்களின் அமைப்பைப் பார்ப்பார்கள், செல்லியலார் அதற்குள் இருக்கும் குரோமோசோமைப் பார்ப்பார்கள். ஆனால் அவர் காலத்தில் இரண்டுக்கும் ஆய்வக வழி ஏறக்குறைய ஒன்றுதான். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும், முதன்முதலில் இதைச் செய்த பெண், அதைச் செய்த பெண் என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் கை என்ன செய்தது என்று சொல்வதில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அப்பா நீதித்துறையில் துணை நீதிபதி. செடிகொடிகளில் ஆர்வம் கொண்ட அவர் வீட்டில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். பிள்ளைகள் ஏராளம். ஊரில் கான்வென்ட் படிப்பை முடித்த ஜானகி, சென்னைக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காமார்களுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென வழங்கிய பார்பர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. அவர் கப்பல் ஏறினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1924இல் மிச்சிகன் போனவர் அங்கு முதுகலைப் பட்டம் பெற்று, சென்னைக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் கற்பித்தார். பிறகு மீண்டும் போய் 1931இல் டி.எஸ்சி பட்டம் பெற்றார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நிகாண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்கள். தக்காளி, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது.

அங்கே அவர் பழகிக்கொண்ட வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் படிவம் 4 உயிரியல் எடுத்திருந்தால் வெங்காய வேர்நுனியை நசுக்கிச் செல் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். பெரியவை, தடித்தவை. அதனால்தான் பள்ளிக்கூடங்களில் வெங்காயம். 1920களில் ஆராய்ச்சிக்கு இந்த நசுக்கும் முறை இன்னும் பரவலாகவில்லை. வேர்நுனியை மெழுகில் பதித்துச் சீவுவதுதான் பெரும்பாலும் வழி.

முதலில் வேர்நுனியை நிலைப்படுத்த வேண்டும். செல் இறக்கும் கணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அதை உறையவைப்பதுதான் நிலைப்படுத்தல். ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவம் அதற்கு நன்றாக வேலை செய்யும். எங்கள் ஆய்வகத்தில் விலங்குத் திசுவுக்கு ஃபார்மலின் பயன்படுத்துகிறோம். பிறகு திசுவில் இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் மெழுகும் தண்ணீரும் கலக்காது. 70 விழுக்காடு ஆல்கஹால், அடுத்து 80, 95, கடைசியில் 100 என்று படிப்படியாக மாற்றுவோம். ஒரேயடியாக நூறில் போட்டால் திசு சுருங்கிவிடும். ஆல்கஹாலை நீக்க ஸைலீன். அதன் பிறகு 60 பாகை செல்சியஸ் அளவில் உருகிய பாரஃபின் மெழுகு. மெழுகு திசுவின் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து இறுகியதும், அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்துச் சீவலாம்.

இந்தச் சீவுதலை எழுத்தில் விளக்குவது சிரமம். நாங்கள் வெட்டுவது 4, 5 மைக்ரோமீட்டர் தடிமன். தலைமுடியைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு மெல்லியது. சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றினால் மெழுகு ரிப்பனாக வரும், ஒவ்வொரு துண்டும் முந்தியதோடு ஒட்டிக்கொண்டே. அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். மூச்சு வேகமாகப் பட்டால்கூட ரிப்பன் பறந்துவிடும். எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா இதைச் செய்யும்போது பேச்சை நிறுத்திவிடுவார். நாங்களும் நிறுத்திவிடுவோம்.

அப்புறம் சாயம். மெழுகை நீக்கிய திசு கண்ணாடியில் ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்கும். எங்களுக்கு ஹெமடாக்சிலினும் இயோசினும். முன்னது உட்கருவை ஊதாவாக்கும், பின்னது மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். ஹெமடாக்சிலின் ஒரு மத்திய அமெரிக்க மரத்தின் கட்டையிலிருந்து வருவது, துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டது. துணி நெய்த ஊர்களில் சாயம் ஒட்டப் படிகாரம் சேர்ப்பார்களே, அதே வேலைக்காக இதிலும் படிகாரம் சேர்ப்பதுண்டு. அந்தக் காலத்துச் செல்லியலார் இரும்பு ஹெமடாக்சிலின் போன்ற சாயங்களால் குரோமோசோமுக்கு நிறம் ஏற்றினார்கள்.

இதெல்லாம் தயாரிப்பு மட்டும்தான். ஜானகி அம்மாளின் வேலை இதற்குப் பிறகு தொடங்குகிறது. நுண்ணோக்கியில் கேமரா லூசிடா என்ற முப்பட்டகத்தைப் பொருத்தினால், பார்க்கும் உருவம் பக்கத்திலிருக்கும் தாளின் மேல் விழுவதுபோல் தெரியும். அதன் மேல் பென்சிலால் ஒவ்வொரு குரோமோசோமாக வரைந்து, வரைந்ததை எண்ணுவார்கள். வெங்காயம் என்றால் 16. கரும்புக்கு 80. அதன் காட்டு உறவான சாக்காரம் ஸ்பொண்டேனியம் என்ற நாணலுக்கு இடத்துக்கு இடம் வேறுபடும்: 40இலிருந்து 128 வரை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள். கத்தி ஒரு குரோமோசோமைக் குறுக்கே வெட்டியிருந்தால் அது இரண்டாகத் தெரியும். அடுத்த சீவலில் ஒன்று தங்கியிருந்தால் கணக்கில் ஒன்று குறையும்.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பியது. 46 என்று நிறுவிக் காட்டியது 1956இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை எழுதிய இருவரில் ஒருவர் நம் பக்கத்து ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ. அவர்களிடம் புதிய தத்துவம் எதுவும் இல்லை. செல்லை உப்பவைத்து, குரோமோசோம்கள் விலகிப் படியுமாறு ஸ்லைடு தயாரிக்கும் முறை இருந்தது. நல்ல ஸ்லைடு கிடைத்ததும் எண் சரியானது.

1934இல் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் பேராசிரியர். கோயம்புத்தூர் நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. அப்போது இந்தியக் கரும்பு மெலிந்தது, சாறு குறைவு. சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நியூ கினி பக்கத்துத் தடித்த இனிப்புக் கரும்பு வட இந்தியக் குளிரையும் நோயையும் தாங்காது. பார்பர், வெங்கட்ராமன் ஆகிய இருவரும் அந்தக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். இன்று நாம் பாசார் மாலாமில் வாங்கிக் குடிக்கும் கரும்புச்சாறு வரைக்கும் அந்தக் காட்டுக் கலப்பின் தொடர்ச்சி இருக்கிறது. உலகின் வணிகக் கரும்புகள் பெரும்பாலும் இப்படிக் கலந்தவைதான்.

வயலில் கலப்பு நடந்துவிட்டது என்று சொல்வது சுலபம். கரும்புப் பூவில் மக்காச்சோள மகரந்தத்தைத் தூவிவிட்டால், முளைப்பது உண்மையிலேயே இரண்டின் பிள்ளையா, கரும்பு தன் மகரந்தத்தாலேயே உண்டாக்கியதா? இலையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேர்நுனியை எடுக்க வேண்டும், ஸ்லைடு போட வேண்டும், எண்ண வேண்டும். கரும்பு–மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. எரியாந்தஸ், இம்பெராட்டா கலப்புகளைப் பற்றிய நீண்ட கட்டுரை 1941இல் வந்தது. 1934இல் சி.வி. ராமன் இந்திய அறிவியல் கழகத்தைத் தொடங்கியபோது, அடுத்த ஆண்டே அவரும் அதன் உறுப்பினராகத் தேர்வானார்.

கோயம்புத்தூரில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. தனியாக வாழும் பெண், திருமணமாகாதவர், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். உடன் வேலை செய்த ஆண்களால் அவருக்குச் சிக்கல்கள் இருந்ததை அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். புதிய ரகம் வெளிவந்தால் அதை வளர்த்தவர் பெயர் நாட்டுக்குத் தெரியும். ஸ்லைடு போட்டு எண்ணியவர் பெயர் கட்டுரைக்குள் தங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு வரும் மாமாக்களும் அத்தைமார்களும் நான் படிப்பதைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது, அப்படியென்றால் டாக்டர் இல்லையா என்றுதான். லேப் வேலை என்றால் இரண்டாம்தரம் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அதற்குப் போயிருந்தபோதே உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் லண்டனை ஒட்டிய மெர்டனில், ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் உதவிச் செல்லியலார். ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார் என்றும், விடிந்ததும் அலமாரிகளில் சிதறிய கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்றும் அவருடைய உறவினர் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தியாவிலிருந்து புடவை மடிப்புக்குள் மறைத்து ஓர் அணிலையும் கொண்டுபோயிருந்தாராம். காபோக் என்று அதற்குப் பெயர். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஜான் இன்னஸ் நிலையம் அப்போது குரோமோசோம் ஆய்வில் உலகத்துக்கே முன்னோடி. அங்கே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த லென் லா கூர் என்பவர், விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து 1942இல் குரோமோசோம்களைக் கையாளும் முறைகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எந்தத் திரவம், எத்தனை மணி நேரம், எந்தச் சாயம் என்று முழுக்க முழுக்கச் செய்முறை. அந்த லா கூர் பிற்காலத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் வீட்டு மாமாக்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அதே டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து 1945இல் வெளியிட்ட நூல்தான் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். ஆயிரக்கணக்கான செடிகளுக்குப் பெயர், பக்கத்தில் எண். கதை மாதிரிப் படிக்கக்கூடிய புத்தகமில்லை. ஆனால் புதிய பயிர் ரகம் உருவாக்க நினைத்தவர்களுக்கு அது அகராதி மாதிரி. எந்தச் செடியை எதோடு கலக்கலாம், எங்கே எண் பொருந்தாது என்பதைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த ஆண்டே அவர் விஸ்லி என்ற ஊரிலிருந்த அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் செல்லியலாராகச் சேர்ந்தார். அங்கே சம்பளத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். அங்கே அவர் கையாண்ட பொருள் கோல்சிசின். நம் கார்த்திகைப் பூ இருக்கிறதே, செங்காந்தள், அதிலும் இந்த நச்சுப்பொருள் உண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போகும் நூல்களைக் கோல்சிசின் உருவாகவிடாது. குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் செல் பிரியாது. ஆகவே ஒரே செல்லில் இரண்டு மடங்கு குரோமோசோம்கள் தங்கிவிடும். இளம் மேக்னோலியா நாற்றுகளின் குருத்தில் அவர் இதைப் பயன்படுத்தினார். மேக்னோலியா கோபஸ் மரத்துக்கு இயல்பாக 38 குரோமோசோம்கள். இரட்டித்தால் 76. அப்படிப்பட்ட செடிகளின் இலையும் பூவிதழும் தடிப்பாக இருக்கும். விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் அவர் வளர்த்த மேக்னோலியாக்கள் நடப்பட்டன. அவற்றில் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெள்ளைப் பூ.

1951இல் நேரு அழைத்ததன்பேரில் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அந்தச் சீரமைப்பு தான் நினைத்தபடி நடக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதன் பிறகு அலகாபாத், ஜம்மு, பம்பாயின் டிராம்பே என்று பல ஊர்களில் வேலை. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றியிருக்கிறான் என்று ஆராய உலக அறிஞர்கள் கூடிய மாநாட்டில் அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்.

அந்த ஆண்டுகளில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. அஸ்ஸாமின் அந்தப் பகுதியில் மேக்னோலியா கிரிஃபித்தி என்ற மரம் ஒன்றே ஒன்று இருப்பதாக அறிந்து, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு தேடிப் போனார். போய்ப் பார்த்தால் மரத்தை எரித்திருந்தார்கள். உயிரோடு வேர்நுனி இல்லாமல் ஸ்லைடு இல்லை, ஸ்லைடு இல்லாமல் எண் இல்லை. ஒரு மரம் போனால் அதன் செல்லுக்குள் இருந்த கணக்கும் சேர்ந்தே போகிறது. காடுகளை அழித்து உணவுப் பயிர் செய்யும் அரசுக் கொள்கையை அவர் எதிர்க்க, இப்படி ஒரு காரணமும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

1970இல் சென்னைக்கே திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுக்குப் பிந்தைய விஞ்ஞானியாகப் பணி. நகருக்கு வெளியே மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்திலேயே குடியிருந்து, மூலிகைச் செடிகள் வளர்த்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழா ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டம் சர்ச்சையானபோது அவருக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. அணை வந்தால் மூழ்கப்போகும் காட்டின் தாவரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பு நடத்துவதில் அவர் இறங்கினார். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பலர். வேர்நுனியும் ஸ்லைடுமாக அந்தக் காட்டைப் பார்த்தவர் இவர்.

திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மதுரவாயலில் ஜானகி அம்மாள் இறந்தார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.